மேனேஜர் அறைப் பிரிண்டர்

பெயர் கார்த்திகேசு, வயது இருபத்து நாலு, ஊர் யாழ்ப்பாணம். இப்போது இருப்பது மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றின் மாடியில், நின்றுபோன டேட்டாபேஸ் சர்வர் முன்னால். கீழே கேட்டில் லோரிகள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டெலிவரி ஆர்டர் அச்சடிக்காமல் ஒன்றும் நகராது.

"மத்தியானத்துக்குள்ள ஓடல, உன் வேலை பெர்மிட்ட கேன்சல் பண்றேன்," என்றார் மேனேஜர் தம்புசாமி. "அங்க கம்ப்யூட்டர் படிச்சியா, பனங்கா பொறுக்கினியா?"

பாஸ்போர்ட் அவர் டிராயரில் இருந்தது. ஊரில் சண்டை நின்றபாடில்லை.

"என்ன பிழையெண்டு சர்வரே சொல்லியிருக்கும் சேர். எங்க சொன்னதெண்டுதான் தேடுறன்."

"தேடு, தேடு. லோரிக்காரன் வந்து உன்னைத் தேடுவான்."

பிழைகள் பதிவாகும் எரர் லாக் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. செட்டிங்கை வரிவரியாகப் பார்த்தான். எரர்களை ஃபைலில் எழுதாமல் பிரிண்டருக்கு அனுப்பு என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் காகிதத்தில் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

"எந்தப் பிரிண்டர் அக்கா?"

கிளார்க் ரமணி குரலைத் தாழ்த்தினாள். "பாஸ் ரூம்ல இருக்கே, அதான்லா. கரகரன்னு கத்துதுன்னு அவரே ஆஃப் பண்ணிட்டாரு. மேல பூந்தொட்டி வெச்சிருக்காரு."

அச்சாகாத எரர்கள் வரிசையில் குவிந்து டிஸ்க்கை நிரப்பிவிட்டிருந்தன. எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றிருந்தது. தம்புசாமி கேட்டுக்கு இறங்கிய நேரம் கார்த்திகேசு பூந்தொட்டியை இறக்கிவைத்து சுவிட்சைப் போட்டான். பிரிண்டர் கத்திக் கத்திக் காகிதத்தைத் தள்ளியது. டிஸ்க்கில் இடம் வந்தது. சர்வர் ஓடியது. முதல் லோரி கிளம்பியது.

தம்புசாமி மூச்சிரைக்க மேலே வந்தார். "யார கேட்டு என் ரூமுக்குள்ள பூந்த?"

"அந்தப் பிரிண்டர் நிண்டதாலதான் சேர் சர்வரும் நிண்டது."

"அப்ப நான்தான் காரணங்கிறியா?"

ரமணி கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஹெட் ஆபீசுக்கு ஃபேக்ஸ் போயாச்சு. ஓப்பரேட்டர் மிஸ்டேக். இனிமே ஒண்ணத்தையும் தொடாத. இந்த மாசத்தோட நீ ஊருக்கு."

அவர் அறைக்குள் போய்ச் சுவிட்சை அணைத்தார்; பிரிண்டர் சத்தம் பாதியில் நின்றது. பூந்தொட்டியிலிருந்து தரையில் சிந்திய மண்ணைக் கூட்டச் சொல்லி அவனிடமே துடைப்பத்தை நீட்டினார்.

கூட்டி முடித்து வந்து, கார்த்திகேசு ஒரு தாளில் எழுதி சர்வரில் ஒட்டினான்:

"எனக்குப் பிறகு இந்தக் கதிரையில வந்து இருக்கப்போறவருக்கு. எரர் எல்லாம் மேனேஜர் அறைப் பிரிண்டருக்குத்தான் போகுது. அது நிண்டா இதுவும் நிக்கும். தயவுசெய்து, உங்களுக்கு மேல பழி விழ முதல் அதைப் போய்ப் பாருங்கோ."