நசீராவின் இத்தா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இந்தச் சாரா பீவி வீட்டில் குடியிருக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும் என்று பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து கப்பலில் தனியாக வந்தவள் நசீரா. ஒரு டிக்கெட்தான் கிடைத்ததாம். புருஷன் கியாசுதீன் அவளை ஏற்றிவிட்டு, தான் நடந்தே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். என் பின்கட்டு அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். பீடி சுற்றுவாள், தெருவைப் பார்ப்பாள், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மீலாது நபி அன்று மதியம் என் பொறுமை போய்விட்டது. "அவன் வந்து பாக்கறப்ப எலும்புக்கூடாவா நிக்கப்போறே?" என்று சத்தம் போட்டு, நெய்ச்சோற்றை முன்னால் வைத்து, தலையில் மல்லிகையும் வைத்துவிட்டேன். கறிக்கடைக்காரனோடு காலையில் நான் போட்ட சண்டையை நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்துதான் அவள் மனுஷியாக நடமாடினாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து முஜிபுர் ரஹ்மான் என்பவர் வந்தார். கியாசுதீனோடு கூட நடந்தவர். வாசலில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற நசீராவிடம் சொன்னார். மலைப்பாதையில் காலரா. மீலாது அன்று மதியம் மௌத்து.

புருஷன் இறந்தால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள், பூ நகை எதுவும் இல்லாமல் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். இறந்த நாளிலிருந்து கணக்கு. அவளுக்குத் தெரியாமலே அது முடிந்துபோயிருந்தது. ஆறுதல் என்று நினைத்து, "இனி நீ இத்தா இருக்க வேண்டியதில்ல புள்ள" என்றேன்.

அவள் வெடித்துவிட்டாள். "அவரு உசிரு போறப்ப நான் பூ வெச்சுகிட்டுச் சிரிச்சேனே மாமி!"

சிரிக்க வைத்த பாவி நான்தானே.

வாசலில் ரஹ்மானும் அழுதுகொண்டிருந்தார். "தங்கச்சி, கடைசியா அவரு கேட்டது ஒண்ணுதான். நீங்க சாப்பிட்டிருப்பீங்களான்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நல்லா சாப்பிட்டு, சிரிச்சுகிட்டு இருக்காங்கன்னு அடிச்சுச் சொன்னேன். நிம்மதியா கண்ண மூடினாரு. சாகற மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டேனேன்னு அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. மன்னிச்சிருங்க."

நசீரா அழுகையை நிறுத்தினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"நீங்க பொய் சொல்லலண்ணே," என்றாள். "இந்த ஊருக்கு வந்து அன்னைக்குத்தான் நான் மொதமொதல்ல வயிறு நெறயச் சாப்பிட்டேன்."