கனவுப் பந்தி

போடியில் ஷாரோனுடைய ஏலக்காய்க் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வெடித்ததும் வெளுத்ததும் ஒரு பக்கம், நல்ல பச்சை ஒரு பக்கம். கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. அந்தக் காதுகளை ஷாரோனின் கணவர் ஜோசுவா பிடித்துக்கொண்டார்.

அவர் நாவலாசிரியர். துக்கம்தான் அவருடைய சரக்கு. எழுதுகிறவன் பைத்தியத்தின் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும் என்பார். போய் வந்ததற்கு அடையாளமாகத் தாடி வைத்திருந்தார். ஆனால் அவர் எழுதியதைக் கேட்டு இதுவரை யாரும் அழுததில்லை. இந்த நாவலுக்காவது ஒருவர், ஒரே ஒருவர் அழுதால் போதும் என்று ஏங்கினார்.

திங்கட்கிழமை கடைசி அத்தியாயத்தை வாசித்தார். கதாநாயகன் கனவில் தன் பிணத்தையே பார்க்கிறான். பாடை போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏறுகிறது. பின்னால் மூடுபனி மட்டும் நடந்து வருகிறது. விழித்தவனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது.

ஜோசுவாவே மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசையில் காய் பொறுக்கும் மகாராணி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு யாருண்ணே?"

"எந்தப் பொண்ணு?"

"கனவுல சாவு வந்தா வீட்ல கல்யாணம்ல? தன் சாவையே கண்டிருக்கான். வெரசா முடிஞ்சிரும்."

"கல்யாணத்தக் கண்டாத்தான் சாவு," என்றாள் சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் சுருளியம்மாள். "நல்ல கனவு கண்டதுக்கு எவனுக்காச்சும் கிறுக்குப் பிடிக்குமா?"

"அது மனசோட இருட்டு, ஆத்தா..."

"இருட்டா இருந்தா லைட்டப் போடச் சொல்லுங்க."

கூடம் குலுங்கியது. ஷாரோனும் சிரித்தாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மூடநம்பிக்கை என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனவர், அந்த அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தார். பாடையைப் பிரித்துப் பந்தல் போட்டார். பனியை விரட்டி மேளத்தை வரவழைத்தார். துக்கமான சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகிழ்ச்சியை எழுதிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் வாசித்தார். கனவில் கதாநாயகன் மாலையும் கழுத்துமாக நிற்கிறான். காய் பொறுக்கும் சுளகுகளில் கைகள் மெதுவாயின. இலையில் பாயசம் ஓடுகிறது. கைகள் நின்றன.

"வேணாம்ணே," என்றாள் மகாராணி. "அவன் ஆத்தா எங்க இருக்கா?"

"முதல் பந்தியில். இன்னொரு அப்பளம் கேட்கிறாள்."

சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அப்பளம் கேக்குறாளே! வரப்போறது தெரியாம கேக்குறாளே, பாவி!"

கூடமே விசும்பியது. சத்தம் கேட்டு ஷாரோன் ஓடிவந்தாள். "லோடு ஏத்த ஜீப்பு வந்து நிக்குது! என்னத்தப் படிச்சுத் தொலைச்சீங்க?"

சுருளியம்மாள் விம்மிக்கொண்டே கனவைச் சொன்னாள். ஷாரோனின் முகம் மாறியது. காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

"அப்பளம் போட்டாங்களா அந்தம்மாவுக்கு?" என்று தழுதழுத்தாள்.

ஜோசுவாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாடிக்குள்ளும் அது நிற்கவில்லை.

"ஏத்தா, இவரப் பாருங்க," என்று மகாராணி மூக்கைத் துடைத்தாள். "எழவச் சொல்லிட்டு இளிக்கிறாரு!"

"எழுதி எழுதிக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றாள் சுருளியம்மாள்.

ஜோசுவா பக்கத்தைத் திருப்பி, அடுத்த பந்திக்கு இலை போட்டார்.