செல்வதாஸின் மீனெண்ணெய் ஆம்ப்ளிபயர்

கொல்லம் 1129 ஆவணியில், அதாவது 1953-இல், புதுக்கடை செல்வதாஸ் வாசித்த கிதார் சத்தம் எதிர்வீட்டுச் சுவரில் மோதி, அங்கேயே ஒட்டி, மஞ்சளாகக் கீழே வழிந்தது. அந்த வாரம் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை ஏறியிருந்ததால் முதல் நாள் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மறுநாள் வெயில் ஏறி நாற்றம் கிளம்பியதும் பேசாத வாய் இல்லை. சுறாக் குடலை வெந்நீரில் போட்டு மூடிவைத்து, மறந்துபோய்த் திறந்தால் வருமே, அந்த நாற்றம். தாழ்ந்த சுரங்கள் கட்டிச் சளியாக விழுந்தன. உச்ச சுரங்கள் நூல்நூலாக இழுபட்டு, கொடியில் காய்ந்த வேட்டிகளில் தொங்கின. நக்கிப் பார்த்த பூனை சபை மதிலோரம் போய் வாந்தி எடுத்ததைத் தெருவே நின்று பார்த்தது.

செல்வதாஸ் கொழும்பில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்துவிட்டு, ஒரு கிதாரும் ஒரு பெட்டி நிறைய கண்ணாடி வால்வுகளுமாக ஊர் திரும்பியவன். வந்ததும் ஜெயபாயைக் கட்டினான். அந்த வருஷம் சபையில் நடந்த அறுப்பின் பண்டிகையில் கிதார் வாசித்தான். வாசித்தான் என்பது அவன் விரல் அசைந்ததால் தெரிந்தது. ஆர்மோனியமும் பாடகர் குழுவும் அவனை முழுங்கிவிட்டன. ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் யேசுரத்தினம் எல்லோர் முன்னாலும், “லே மக்கா, நீ வாசிச்சியா, இல்ல சொறிஞ்சியா?” என்று கேட்டார். போதகர்கூட வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். தூரத்துத் தோவாளைப் பூச்சந்தையில் நிற்பவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் செய்யாமல் இனி சபைப் படி ஏறுவதில்லை என்று செல்வதாஸ் சொல்லிவிட்டான்.

தெருவுக்குக் கரண்ட் வந்ததும் வேலை தொடங்கியது. ஆம்ப்ளிபயருக்கு வீட்டின் முன்னறை போயிற்று, ஜெயபாயின் தையல் மெஷினும் போயிற்று. வால்வுகளிலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கடத்தும் டிரான்ஸ்பார்மரை அதில்தான் சுற்றினார்கள். அவள் மெஷினை மிதிக்க, அவன் செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கல்யாணப் பந்தலில்கூட இருவரும் அவ்வளவு நெருங்கி உட்காரவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அதனால் தெருவில் நின்ற எங்களுக்குத் தெரியும். சுற்றிய கம்பிக்குள் ஈரக்காற்று புகாமலிருக்க அதை மெழுகில் முக்க வேண்டும். கொழும்பில் அப்படித்தான் செய்வார்களாம். ஆனால் இந்தக் கரைப்பக்கத்தில் பிறந்தவனுக்கு மெழுகின்மேல் எப்படி நம்பிக்கை வரும்? தேங்காப்பட்டணத்தில் வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு குடம் வாங்கிவந்து, ஜெயபாய் முந்திரிக்கொத்து பொரிக்கும் உருளியில் ஊற்றிக் காய்ச்சினான்.

“மனுசன் தின்னுக பாத்திரத்துலயா இந்தக் கருமத்தைக் காய்ச்சுவிய?” என்றாள் அவள்.

“ஏட்டி, கடல் தண்ணியையே உள்ள விடாத எண்ணெயாக்கும். காத்தை விட்டிருமா?”

எண்ணெய் காற்றை விடவில்லை, அது உண்மை. பாட்டைத்தான் தன் வழியாக விட்டது. கிதாரில் எந்த ஞானப்பாட்டை வாசித்தாலும் ஸ்பீக்கரிலிருந்து மீனெண்ணெயாகவே வந்து விழுந்தது. அப்போது ஜெயபாய் முழுகாமல் இருந்தாள். வாயில் வைத்த கஞ்சி நிற்கவில்லை, தலைமுடியைப் பிழிந்தால் பல்லவி வடிந்தது. ஆம்ப்ளிபயரை உடைத்துப் போட்டால் இருக்கிறேன், இல்லாவிட்டால் பிள்ளையை என் அண்ணன் வீட்டில் பெற்று அங்கேயே வளர்ப்பேன் என்றாள். அறுப்பின் பண்டிகை முடியட்டும் என்றான் அவன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் ஊரான அஞ்சுகிராமத்துக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவளைக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்தான்.

பண்டிகையன்று செல்வதாஸ் ஆம்ப்ளிபயரைச் சபைக்குத் தூக்கிவந்து முழுச் சத்தத்தில் வாசித்தான். காணிக்கையாக வந்த வாழைக்குலை, நெல், பூசணி, கோழி எல்லாம் கொழகொழவென்று ஒரே பிண்டமாயின. ஏலத்தில் கேட்க ஆளில்லை. யேசுரத்தினம் மூப்பரின் வெள்ளைக் கோட்டு தோலோடு ஒட்டிக்கொண்டது. செல்வதாஸ் அவரிடம் போய், “இப்பம் கேட்டுதா?” என்றான். “கேட்டுதுலே. வாயிக்குள்ளயும் போச்சு” என்று சொல்லி அவர் துப்பினார். அவர் அதற்குப் பிறகு மீன் தின்றதில்லை.

ஜெயித்தவன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு மூட்ட ஆளில்லை. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, வெறும் கிதாரில் அவளை நினைத்து வாசித்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை என்று தெரு சந்தோஷப்பட்டது. ஆனால் வயரில்லாமல் வாசித்ததெல்லாம் அஞ்சுகிராமத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஜெயபாய் அடுக்களையில் இருந்தால் அடுக்களையில், கிணற்றடியில் இருந்தால் கிணற்றில். அவளுடைய அண்ணன் பெண்சாதி நேசபாய் பத்து நாள் பொறுத்தாள். “ஏட்டி, உன் மாப்பிள பாட்டு எங்க குழம்புல கிடந்து கொதிக்கி. பிள்ளைய அங்க போய் பெறு” என்று பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

ஜெயபாய் புதுக்கடையில் வந்து இறங்கியபோது செல்வதாஸ் சம்மட்டியும் கையுமாக ஆம்ப்ளிபயர் முன்னால் நின்றான். நாங்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றதால் அவள் எங்களை விலக்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

“அதைக் கீழ வையுங்க,” என்றாள். “வயரு இல்லாமலே அங்க வந்து விழுந்துது. உடைச்சா மட்டும் நிக்கவா போவுது? அண்ணன் வீட்டுலயும் நாத்தம், இங்கயும் நாத்தம். அங்க நான் திட்டுதுக்கு ஆளில்ல, அதான் வந்தேன்.” அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். “மூணாவது சரணத்துல தினமும் ஒரே இடத்துல தப்பா வாசிக்கியளே, கை அழுகியா போச்சு? நான் எத்தனை நாள் அந்தத் தப்பையே தலையில இருந்து வழிக்க? அதைத் திருத்துங்க.”

அவன் வயரை மாட்டினான். அவள் பெட்டிமேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மூன்றாவது சரணம் சரியாக வரும்வரை விடவில்லை. நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோமே தவிர வீட்டுக்குப் போகவில்லை.

பங்குனியில் பெண் பிள்ளை பிறந்தது. எத்தனை முறை சீயக்காய் போட்டாலும் கைக்கு நில்லாமல் வழுக்கியதால், ஞானஸ்நானத்துக்கு அதைச் சாம்பலில் புரட்டித் தோர்த்துத் துண்டில் பொதிந்து கொடுத்தார்கள். போதகர் ஒருமுறை நழுவவிட்டு முழங்காலில் பிடித்தார். 1956-இல் எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஊர்வலம் அந்த வீட்டைத் தாண்டும்வரை கோஷத்தை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு நடந்தது. இப்போது புதுக்கடையில் துணி துவைக்கிறவர்கள் செல்வதாஸ் இன்று வாசிக்கிறானா என்று ஜெயபாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நனைக்கிறார்கள். வாசிக்கிறான் என்றால் மறுநாள் துவைப்பார்கள்.