இவவை மூன்று தண்ணீரில் முழுகவார்த்த கதை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் மடக்குவீர்கள்: "அந்தாள் கராஜுக்குள்ளே பேசினது உனக்கு எப்படித் தெரியும்?" எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள மரவேலியில் ஒரு பலகை, போன குளிர்காலத்துக் காற்றில் விழுந்துவிட்டது. ஒரு மூக்குக்கு ஒரு பலகை அகலம் தாராளம். திரும்ப அடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். யாரும் அடிக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (இல்லை. துணியை எடுத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சும்மா நின்றேன் என்று எழுதினால் நன்றாக இராது.) அந்தப் பக்கம் கராஜின் பக்கவாட்டுக் கதவருகே மகேந்திரராஜா அண்ணா போனை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இவவை மூண்டு தண்ணியில முழுகவாத்து, தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறன். இனி ஒரு பத்து நாளில காய்ஞ்சிடுவா. ஆருக்கும் மணக்காம சாம்பிராணியும் போட்டிருக்கிறன்."

நான் திருச்சிக்காரி. யாழ்ப்பாணத் தமிழ் எனக்கு முக்கால்வாசி புரியும். மிச்சத்தை நானே நிரப்பிக்கொள்வேன். முழுகவார்ப்பது என்றால் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுவது. 'இவ' என்றால் அவர்கள் பேச்சில் ஒரு மரியாதைக்குரிய பெண். அந்த வீட்டில் அப்படி இருந்தது ஒருவர்தான், அவர் மனைவி யோகா. யோகா அக்காவை நான் அக்டோபரிலிருந்து பார்க்கவில்லை.

2

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "எங்கள் புறநகரான டண்டினொங்கில் அந்தக் கராஜின் கதவு மூடியே இருந்தது. அதன் பின்னால்—"

நிறுத்திவிட்டேன். கராஜ் கதவு எல்லா வீட்டிலும் மூடித்தான் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "பாதகன்!" ஒற்றைச் சொல்லில் அழுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதகனை வர்ணிக்கப் போனால் ஆள் ஒத்துழைக்கவில்லை. அறுபத்தேழு வயது. ஒரு கிடங்கில் இருபது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடைபாதையில் எறும்பு வரிசை போனால் தாண்டிக் கால் வைக்கிறவர். வாரா வாரம் எங்கள் குப்பைத் தொட்டியையும் தன்னுடையதோடு சேர்த்துத் தெருவுக்குத் தள்ளி வைக்கிறவர்.

"கொலை பண்ணினவன் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தள்ளுவானா?" என்று என் கணவர் வெங்கட்ராமனிடம் கேட்டேன். காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றாமல் "ம்ம்" என்றார். பதினைந்து வருஷமாக இந்த ஒரு பதிலை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்.

[இவரைப் பற்றி இனி வராது. இந்தக் கதையில் தனியாக இருப்பது மகேந்திரராஜா மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.]

மனைவி டொரண்டோ போயிருக்கிறாள், மகள் தர்ஷனாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஈஸ்டருக்கு வந்துவிடுவாள் என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். சரி. கொன்றவர்கள் வேறு எந்த ஊருக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள்?

3

ஒன்றை மறைத்துவிட்டேன். கதையின் அழகுக்காக என்று சொல்லலாம். உண்மையில் எனக்கும் அதில் பங்கு உண்டு.

அதே செவ்வாய்க்கிழமை காலை, பலகை விழுந்த இடத்தில் அவர் முகம் தெரிந்தது.

"தங்கச்சி, கோலிஃபிளவர் கழுவேக்க நீங்கள் என்ன போடுறனீங்கள்?"

"உப்பும் மஞ்சளும் அண்ணா. வெதுவெதுன்னு தண்ணி. புழு பூச்சியெல்லாம் மேல மிதந்துடும்."

"மஞ்சள் எவ்வளவு?"

"தாராளமா போடுங்க. மஞ்சளால யாருக்கு என்ன கெடுதல்?"

அவர் ரொம்ப நன்றி சொன்னார். ஒரு கோலிஃபிளவருக்கு அவ்வளவு நன்றி அதிகம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

4

மறுநாள் புளியோதரை செய்து எடுத்துக்கொண்டு போனேன். துப்புத் துலக்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது. வாசல் மணியை அடிக்காமல் நேரே பக்கவாட்டுக் கதவு வழியாகக் கராஜுக்குள் நுழைந்தேன். சாம்பிராணிப் புகை கோயில் மூலஸ்தானம் மாதிரி. சில வாரமாகவே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் புகை வர, இவருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவில் நான்தான் பரப்பியிருந்தேன்.

புகைக்கு நடுவே, சேலை காயப்போடும் கயிற்றில், தலைகீழாக, வரிசையாக, மஞ்சளாக—

கிளைகள். நுனியெல்லாம் தடித்த பூங்கொத்துகள். பச்சையாக இருந்திருக்க வேண்டியவை, சடங்கு வீட்டுப் பெண் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு தொங்கின. புகைக்கு அடியில் இன்னொரு மணம். டண்டினொங் ஸ்டேஷன் படிக்கட்டில் வருமே, அது.

"அண்ணா! இது கஞ்சா!"

"மெல்லக் கதையுங்கோ, தங்கச்சி."

"கோலிஃபிளவர்னீங்க!"

"பின்னை உதின்ர பேரைச் சொல்லிக் கேக்கேலுமே?" அவர் ஒரு கிளையைப் பாவமாகத் தொட்டுக் காட்டினார். "நீங்கள் சொன்னபடி தாராளமாப் போட்டனான். ரெண்டு தரம் வெறுந்தண்ணியில அலசியும் மஞ்சள் போகேல்லை."

இந்த இடத்தில் யாராவது தெரியாமல் அதைக் கீரை மாதிரி வறை வறுத்துத் தின்றுவிட்டுக் கோயிலில் போய்ச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படியும் ஒரு பக்கம் எழுதினேன். கலகலப்பாகத்தான் வந்தது. ஆனால் கயிற்றுக்கு அடியில் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார், காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு வறையைக் கிழித்துப் போட்டேன்.

5

இனி வருவது பாதி அவர் சொன்னது, பாதி நான் நிரப்பியது.

விதை யோகாவுடையது. கோழித் தொழிற்சாலைக் குளிரறையில் நின்று பத்தொன்பது வருஷம் கோழி பொதி செய்ததில் அவள் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்காகிவிட்டன. சேலைக்கு ஊசி குத்த முடியாது. போத்தில் மூடி திறக்க முடியாது. ஜாம், ஊறுகாய், தைலம், எதுவானாலும் "இஞ்சேருங்கோ" என்று நீட்டுவாள். அவர் திறந்து கொடுப்பார். அந்த வீட்டில் அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதி அதுதான். கூட வேலை செய்த ஒருத்தி இரண்டு விதை கொடுத்து, எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் நோவு கேட்கும் என்றாள். சட்டம் விடாது என்று இருவருக்கும் தெரியும். அக்டோபரில் தக்காளிக்குப் பின்னால் ஊன்றிவிட்டு, "தண்ணி ஊத்த மறக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு யோகா விமானம் ஏறினாள்.

இரண்டில் ஒன்று ஆண்செடி.

"ஆம்பிளைச் செடியால ஒரு பிரயோசனமும் இல்லையாம், தங்கச்சி. கண்ட உடன பிடுங்கிப் போட வேணுமாம். நானே பிடுங்கிப் போட்டன்."

மிஞ்சியது பெண். அதனால்தான் 'இவ'. ஆறு மாதத்துக்கு மேலாக அவர் அந்த வீட்டில் வாய் திறந்து பேசியது இவவோடும், போனில் பதிவு செய்து அனுப்பிய குரல் செய்திகளோடும்தான். டொரண்டோவில் அவள் எப்போதும் நித்திரையில் இருந்தாள். அல்லது குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

அறுவடைக்கு முந்திய வாரம் மலைப்பக்கம் காடு கொளுத்தினார்கள். கோடைத் தீக்கு முன்காவலாக வனத்துறையினர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், இந்த நாட்டில் அது ஈஸ்டர் சமயம், கொளுத்துவார்கள். சாம்பல் பறந்து வந்து பூவில் எல்லாம் ஒட்டியது. வெட்டின கையோடு கழுவித்தான் காயப்போட வேண்டும் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொன்னான். மூன்று வாளி. முதல் வாளியில் அவன் ஊற்றியது புண்ணுக்கு ஊற்றுகிற நுரை மருந்து. மகேந்திரராஜாவுக்கு மனம் வரவில்லை. யோகாவின் கையில் பூசப்போகிற சாமான். அவளானால் கீரையையே மூன்று தண்ணீரில் அலசாமல் குசினி அடுப்புப் பக்கம் விடமாட்டாள். அந்த மூன்று தண்ணீர் சரி. முதல் தண்ணீரில் என்ன போடுவாள்? கேட்டு ஒரு குரல் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. அடுத்ததாகக் கேட்க இருந்தது வேலியில் ஒரு மூக்கு.

ஒவ்வொரு கிளையையும் காம்பில் பிடித்து மெல்ல அமிழ்த்தினார். பிள்ளையின் தலையைத் தாங்குகிற மாதிரி—

(இந்த உவமை வேண்டாம். அவர் கிளையைக் கிளை மாதிரிதான் பிடித்தார்.)

தண்ணீரில் சாம்பல் மிதந்தது. இரண்டு குட்டிப் புழுக்கள் மிதந்தன. "பாத்தியே, எவ்வளவு ஊத்தை" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். யாரும் இல்லை. பிறகு இரண்டாம் வாளி, மூன்றாம் வாளி. மஞ்சள் போகவில்லை. படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். கீழே ஆறு நிமிடத்துக்கு ஒரு குரல் செய்தி. அதன் கடைசி வரிகள்தான் நான் கேட்டவை.

"அவ மே மாசம் வாறா. டிக்கெற்றைத் தள்ளிப் போட்டிருக்கிறா. அதுக்கிடையில எல்லாம் காய்ஞ்சு போத்திலுக்குள்ள போயிடும்" என்றார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணா." இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

6

அன்று மாலையே டொரண்டோவுக்குப் போன் போட்டேன். யோகாவுக்குச் சொல்வது 'ஒருத்தருக்கும்' என்பதில் சேராது. மேலும் மஞ்சள் கதையை யாரிடமாவது சொல்லிச் சிரிக்காவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

"படம் ஒண்டு வந்தது, கலா. மஞ்சளா ஏதோ தொங்குது. பஜ்ஜியாக்கும் எண்டு விட்டிட்டன்."

"பஜ்ஜியை யாராவது கயித்துல தொங்க விடுவாங்களாக்கா? மெசேஜ்ல விவரமா சொல்லியிருந்தாரே."

"ஐயோ, அதுகளோ? ஒண்டொண்டும் ஆறு நிமிசம், ஏழு நிமிசம். இருந்து கேக்க எனக்கெங்க நேரம்?"

நான் சொன்னேன். செடி, சாம்பல், மூன்று வாளி, சாம்பிராணி எல்லாம். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தச் செடி இன்னும் நிண்டதே?" என்றார். "இஞ்ச உது கடையில சட்டப்படி விக்கினம், கலா. எண்ணெயா. தர்ஷனா வாங்கித் தாறவள். இப்ப ஊறுகாய்ப் போத்தில் மூடியை நானே திறக்கிறன், தெரியுமே? நானே!"

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்ப மேல வர்றீங்களா?"

"நான் வரேல்லை."

"டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருக்கீங்களா?"

"டிக்கெற்றே இல்லை. இஞ்ச இருக்கிறதுக்கு விசா அலுவல் தர்ஷனா பாக்கிறாள். சண்டை ஒண்டுமில்லை. அந்த மனிசனில ஒரு பிழையுமில்லை. பிழை இருந்தா ஏசிப்போட்டுச் சொல்லியிருப்பன். இல்லாத படியாத்தான் வாய் வருகுதில்லை." மூச்சு விட்டார். "உங்களுக்குச் சொன்னா அவருக்குப் போய்ச் சேரும் எண்டுதான் சொல்லுறன். உங்கட வாயில ஒண்டும் நிக்காதெண்டு டண்டினொங் முழுக்கத் தெரியும்தானே. கோவிக்காதேங்கோ."

கோபிக்கவில்லை. ஒரு மனுஷி தன் கல்யாணத்தை முடித்து வைக்கிற வேலையை என் வாயை நம்பிக் கொடுத்திருக்கிறாள். எழுதுகிறவளுக்கு இதைவிட மரியாதை ஏது?

7

முடிவுகள்:

(அ) நான் போய்ச் சொல்கிறேன். "அண்ணா, யோகாக்கா—" இந்த வாக்கியத்தை ஒன்பது தடவை எழுதிவிட்டேன். பெயருக்குப் பிறகு வினைச்சொல் வரமாட்டேன் என்கிறது.

(ஆ) மே மாதம். டாக்ஸி வந்து நிற்கிறது. யோகா இறங்குகிறார். எழுதும்போது எனக்கே இனித்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அழித்துவிட்டேன்.

(இ) மணம் பிடித்து போலீஸ் வருகிறது. "யாருக்காக வளர்த்தாய்?" என்ற கேள்விக்கு அவர் மனைவியின் பெயரைச் சொல்லி, எழுத்துக் கூட்டுகிறார். வேண்டாம். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்க வேண்டாம்.

நடந்தது இதுதான். மூன்று வாரம் நான் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தெரு வரலாற்றிலேயே நான் வைத்திருந்த முதல் ரகசியம். நெஞ்சில் புளியேப்பம் மாதிரி நின்றது. நேற்று நாலு மணிக்கு அவர் பலகை இடைவெளிக்கு வந்தார், கையில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தில். உள்ளே மஞ்சள் பூக்கள், நன்றாகக் காய்ந்து. மூடியில் ஒட்டிய தாளில் 'யோகா' என்று எழுதியிருந்தது.

"காய்ஞ்சா மட்டும் காணாதாம், தங்கச்சி. ஒவ்வொரு நாளும் ஒருக்கா மூடியைத் திறந்து காத்துப் பட விட்டு மூட வேணுமாம். இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்சிடும்."

"எவ்வளவு நாளைக்கு அண்ணா?"

"அவ வருமட்டும் செய்யிறன்." மூடியைத் திறந்தார். ஒரு சின்ன 'டப்'. அதைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் முந்தி எந்த நேரமும் ஏதேன் கதை கொண்டு வருவியள். இப்ப மூண்டு கிழமையா ஒண்டுமில்லை. உங்கட வாயே மூடிக் கிடக்கெண்டா, பெரிய கதையாத்தான் இருக்கும் போல."

"ஒண்ணுமில்லண்ணா. தொண்டைக் கட்டு."

"ஓம்," என்றார். "மஞ்சள் போட்டுப் பால் குடியுங்கோ."

8

அவர் கதை படிக்கிறவர் அல்ல. நீங்கள் படித்துவிட்டீர்கள். டொரண்டோவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது, இப்போது உங்கள் வாயிலும் இருக்கிறது. அந்த இடைவெளியில் பலகை இன்னும் அடிக்கவில்லை. எங்கள் பக்கமாகவே வரலாம், நான் பார்க்காத மாதிரி நிற்பேன். தினமும் நாலு மணிக்கு 'டப்' என்று கேட்கும். அவர் மூடியைத் திறந்து வைத்திருப்பது பத்து நிமிடம்தான். சொல்வதாக இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.