உடையாத அலை

மூன்றாவது மாடிக் குழாய் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஏன் இருமுகிறது என்று ஒரு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் டீ-ஷர்ட்டுகள் வந்தன. கே.கே. நகரில் எங்கள் பைப் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எல்போவோ வாஷரோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காரணம் கேட்க மாட்டார்கள். அந்த அம்மா கேட்டார். எனக்கு அது போதும். பைப்புக்குள் மாட்டிக்கொண்ட காற்றும் ஒரு அடைப்புதான், மேடான வளைவாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் அதை முட்டி முட்டித் துண்டு துண்டாக வெளியே தள்ளும்போதுதான் அந்த இருமல் என்று பழைய பில்லின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். படம் முடிவதற்குள் கம்பெனி வேன் வந்து நின்றது. டிரைவர் கல்லாவின் மேல் இரண்டு பொட்டலங்களை வைத்துவிட்டுப் போனார். நீலத்தில் ஒன்று, ரோஸில் ஒன்று. நீலத்தின் முதுகில் ‘டீலர், வெயிலுகந்தம்மன் பைப்ஸ்’ என்றும் அதற்குக் கீழே ‘பாலகணேஷ்’ என்றும் அச்சடித்திருந்தார்கள். ரோஸில் ‘டீலர் ஃபேமிலி’ என்று மட்டும் இருந்தது.

டார்கெட்டைத் தாண்டும் கடைக்காரர்களைப் பைப் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும். பாங்காக், துபாய் எல்லாம் முடிந்து இந்தமுறை பாலித் தீவு. என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து கடையை நான்தான் நடத்துகிறேன். ஷட்டரைத் தூக்குவது, ஆர்டர் போடுவது, பிளம்பர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். பாலகணேஷ் அவருடைய தம்பி. தி. நகரில் நைட்டிக் கடை வைத்திருக்கிறார். சாக்கெட்டுக்கும் கப்ளிங்குக்கும் வித்தியாசம் கேட்டால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஏப்ரலில் டீலர்ஷிப்பைப் புதுப்பிக்க வேண்டும், கையெழுத்துப் போட முடியாதவர் பெயரில் இனி தர முடியாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. இனி யார் பெயரில் என்று வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் டீ-ஷர்ட் பேசிவிட்டது.

அன்று சாயங்காலம் அதை விரித்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். “அவன் பேர்ல இருந்தா என்ன? நம்ம கடைதான” என்றார். நான் ரோஸ் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பாலிக்குப் போன மறுநாள் காலை ஓட்டல் வாசலில் இரண்டு பஸ்கள் நின்றன. கம்பெனியின் ஏரியா மேனேஜர் சுப்பராமன், மயிலாப்பூர்க்காரர், நடுவில் நின்றுகொண்டு, “ப்ளூ எல்லாம் பீச்சு, சர்ஃபிங். பிங்க் எல்லாம் மார்க்கெட்டு. மாத்தி ஏறிடாதீங்கோ” என்று கூவிக்கொண்டிருந்தார். மார்க்கெட் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்கள் மரக் கிண்ணங்களின் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகணேஷின் முதுகு தெரிந்தது. என் கடையின் பெயர் அவர் முதுகில் அங்கும் இங்கும் நடந்தது. எழுந்து இறங்கிவிட்டேன்.

“சார், நானும் பீச்சுக்கு வர்றேன்.”

“மேடம், அது டீலர்ஸுக்கு மட்டும்தான் புக் பண்ணிருக்கு.”

“போன வாரம் லோடு வர லேட்டாகும்னு யாருக்கு போன் பண்ணினீங்க?”

“உங்களுக்குத்தான்.”

“அப்ப டீலர் யாரு?”

சுப்பராமன் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். அடையாறு டீலர் டில்லிபாபு பஸ் படிக்கட்டில் நின்றபடி, “சார், அக்கா கேட்டதுக்கு உங்ககிட்ட பதிலு இல்ல. ஆனா வண்டில சீட்டு கீது. ஏறுக்கா நீ” என்றார்.

பாலகணேஷ் என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். “மதினி, என்ன இது? எல்லாரும் பாக்காங்க. அண்ணன் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“மதினி கடலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க தம்பி.”

எங்களுக்கு ஊர் சுரண்டைப் பக்கம். அங்கே கடல் கிடையாது. சென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பாலவாக்கத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடற்கரைக்கும் போவோம். ஆண்கள் பனியனோடு உள்ளே இறங்கிக் கத்துவார்கள். நாங்கள் புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புகளுக்குக் காவலாகக் கரையில் நிற்போம். அலை கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பும். காலடி மண்ணை அது அரித்துக்கொண்டு போகும்போது தரையே நகர்கிற மாதிரி ஒரு கிறுகிறுப்பு வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கடல். இருபது வருஷத்தில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

பாலிக் கடற்கரையில் எங்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர் பெயர் காடேக். பாடம் மணலில் தொடங்கியது. ஆளைவிட நீளமான பலகை. அதில் குப்புறப் படுக்க வேண்டும், கால்விரல் நுனி பலகையின் வால்வரை வருகிற மாதிரி. ரொம்ப முன்னால் படுத்தால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்ளும், ரொம்பப் பின்னால் படுத்தால் வால் அமுங்கி பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடும். அலை பிடித்ததும் விலாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கு, கைகளுக்கு நடுவே ஒரு காலைக் கொண்டுவா, பக்கவாட்டில் நில், முட்டியை மடக்கு, கரையைப் பார். இதைத் துண்டு ஆங்கிலத்தில் சொல்லிச் செய்து காட்டினார். டில்லிபாபு மணலில் படுத்து எழுந்ததிலேயே களைத்துப்போனார். “பெசன்ட் நகர்ல காலு நனைக்கறதே நமக்குப் பெரிய மேட்டரு. இதுல நின்னுக்கினு வேற போவணுமா?” என்றவர், உள்ளே இறங்கி இரண்டு மடக்கு உப்புத் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்து, இளநீரோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார். பாலகணேஷ் இறங்கவேயில்லை. நீலச் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் படாமல் நின்று போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் காடேக் என் பலகையைப் பிடித்துக்கொண்டார். அங்கே வருவது உடைந்து நுரையான அலை. அதில் தண்ணீரே ஓடி வந்து முதுகுக்குப் பின்னால் மோதும். எங்கள் தொழிலில் தண்ணீர் என்றால் டேங்கிலிருந்து குழாய்க்கு வருவது, வந்து தள்ளுவது. தள்ளினால் எதிர்த்து நிற்க வேண்டும் என்றுதான் உடம்பு நினைத்தது. பலகையின் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்தேன், விறைத்தேன், விழுந்தேன். காதுக்குள் தண்ணீர், மூக்குக்குள் மணல். மறுபடி படுத்தேன், மறுபடி விழுந்தேன். கையை விடு, கையை விடு என்றார் காடேக். ஒவ்வொரு தடவையும் எழும்போது நான் குனிந்து என் காலைப் பார்க்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. தலை குனிந்தால் தோள் குனியும், தோளோடு பாரம் முன்னால் சாயும், பலகை கவிழும். குனிந்து பார்க்காமல் நிற்க நான் எங்கே பழகினேன்? அடுத்த நுரை வந்தபோது கரையிலிருந்த தென்னை மரம் ஒன்றில் கண்ணை வைத்தேன். கை தானாக விட்டது, கால் தானாக வந்தது. நின்றேன். காலடியில் பலகை சரசரவென்று ஓடியது. மணல் தட்டுகிறவரை ஓடியது.

“யக்காவ்!” என்று டில்லிபாபு இளநீரைத் தூக்கிக் காட்டிவிட்டு, பக்கத்திலிருந்த டீலரைத் தட்டினார். “மச்சி, பாத்தியாடா? நம்ம கே.கே. நகர் பைப்பு!”

பாலகணேஷ் தண்ணீர் ஓரம்வரை வந்து போனை நீட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. “அண்ணன் லைன்ல இருக்காரு. பேசுங்க.”

ஈரக் கையோடு வாங்கினேன். திரையில் வீட்டுக்காரர், எங்கள் வீட்டு ஜன்னல் பக்கத்து நாற்காலியில்.

“என்ன பண்ணுத ஸ்வர்ணம்?” நோய்க்குப் பிறகு அவருக்கு நாக்கு கொஞ்சம் குழறும்.

“பலகை மேல நிக்கப் படிக்கேன்.”

“போதும். ஏறி வா.”

“இல்ல. இன்னும் உள்ள போகணும்.” நிறுத்தினால் அப்புறம் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் அதே மூச்சில் சொன்னேன். “ஏப்ரல்ல அக்ரிமென்ட் என் பேர்ல போடச் சொல்லப் போறேன். கடைய நான்தான் பாக்கேன். சுப்பராமன் சார் பக்கத்துலதான் நிக்காரு, அவருக்கும் கேக்கட்டும்.”

சுப்பராமன் அடிவானத்தில் கப்பல் தெரிகிற மாதிரி கடலைப் பார்த்தார். திரையில் வீட்டுக்காரர் அசையவில்லை. சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, இமைத்தார்.

“விழுந்தியா?” என்றார்.

“விழுந்தேன். நெறைய தடவ.”

போனைப் பாலகணேஷிடம் கொடுத்தேன். அவர் அதைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். “கட் பண்ணல மதினி. அண்ணன் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.”

“பாக்கட்டும்.”

நுரைக்கு அப்பால் கையைக் காட்டினேன். காடேக் வேண்டாம் என்று தலையாட்டினார், முதல் நாள் யாரும் அங்கே போவதில்லையாம். நான் கையை இறக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு என் பலகையின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நீந்தினார். நுரை ஒவ்வொன்றும் முகத்தில் அறைந்தது. நாலைந்து அறை வாங்கிய பிறகு சட்டென்று சத்தம் அடங்கியது. அலைகள் இன்னும் உடையாத இடம். பலகையில் கால்களை இருபுறமும் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மேடு எழுந்து வந்து, என்னைத் தூக்கி, அதே இடத்தில் இறக்கிவிட்டு, அதுமட்டும் கரைக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மாடியில் வால்வைப் படாரென்று மூடினால் கீழ்த்தளம்வரை பைப்பில் ‘டொக்’ என்று ஒரு அடி ஓடும். தண்ணீர் நின்ற இடத்தில்தான் நிற்கும், ஓடுவது அந்த அடி மட்டும். இங்கேயும் அதுதான். இந்தத் தண்ணீர் வந்து யாரையும் தள்ளப்போவதில்லை. வருவது ஒரு சரிவு. அதன் வேகத்துக்கு நாமே கையால் துடுப்புப் போட்டுப் போனால், அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கலாம். காத்துக்கொண்டிருந்தால் அது காலுக்கடியில் போய்விடும்.

கரையில் பஸ் ஹாரன் அடித்தது. சுப்பராமன் விசில் ஊதினார். நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக பஸ் பக்கம் நகர்ந்தன. ஒரு புள்ளி மட்டும் தண்ணீர் ஓரத்தில் கையை உயர்த்தியபடி நின்றது. அந்தக் கையில் ஏதோ வெயிலில் மின்னியது. காடேக் எனக்குப் பின்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மேட்டை வேண்டாம் என்றார். அதற்கடுத்ததைக் காட்டி, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

குப்புறப் படுத்துக் கரையைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் ஆழமாக விட்டுத் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளினேன், மறுபடி தள்ளினேன், தோள் எரிந்தது, இன்னும் தள்ளினேன். முதுகுப் பக்கம் மேடு எழுந்து வெளிச்சத்தை மறைத்தது. பலகையின் வால் மெல்ல உயர்ந்தது.