நவரட்ணம் வீட்டில் இருப்பதாக முடிவாயிற்று

1995ஆம் ஆண்டு மார்கழி மாதம், யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடங்களுக்கு முன் காணாமற்போன நவரட்ணம், ஓர் அரசாங்கக் கடிதத்தின் மூலம் கடல் கடந்த குளிர்நாட்டு நகரமொன்றின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். கடிதம் காலை பதினொரு மணிக்கு வந்தது. அவருடைய இருமல் பதினொன்றேகாலுக்குக் குளியலறையிலிருந்து கேட்டது. ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வருடம் மாகாணத்துக்குப் புதிய அரசாங்கம் வந்திருந்தது. வறுமைக்குக் காரணம் ஏழைகள்தான் என்று அது கண்டுபிடித்து, உதவிப்பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியது. அயலவரைக் காட்டிக்கொடுக்க இலவசத் தொலைபேசி இலக்கம் ஒன்றையும் தந்தது. நசுங்கிய மீன் ரின்னைப் பேரம் பேசி வாங்கலாம் என்று மேலிடத்திலிருந்து ஆலோசனையும் வந்தது. பேரம் பேச எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லாவில் நிற்கிற பிள்ளைக்குத்தான் அது விளங்கவில்லை. இவற்றோடு இன்னொரு விதியும் வந்தது: பிள்ளையோடு தனித்திருக்கும் தாயின் வீட்டில் ஓர் ஆண் இருப்பதாகத் தெரிந்தால், இனி அவளை அவன்தான் பார்க்கவேண்டும், அரசாங்கம் பார்க்காது.

நவரட்ணத்தின் மனைவி யோகராணியையும் ஆறு வயது மகள் நிலாணியையும் பற்றி யாரோ அந்த இலக்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள். யார் என்று தெரியாது. லிப்டில் எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். விசாரிக்க வந்த அலுவலர் யோகராணியின் பொட்டையும் தாலியையும் பார்த்தார், மேசையில் மூன்றாவது சோற்றுக் கோப்பையைப் பார்த்தார், அலுமாரியில் மினுக்கி மாட்டியிருந்த ஆண் சேட்டு ஒன்றைப் பார்த்தார். நவரட்ணம் 1990இல் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர், திரும்பவில்லை. அவருடைய ஒரு சேட்டை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை தோறும் தோய்த்துக் காயப்போடுவது யோகராணியின் வழக்கம். யாரும் உடுத்தாத சேட்டு, தண்ணீர் தெளிந்தபடியே வடியும்.

கணவர் எங்கே என்று அலுவலர் கேட்டார். எங்கள் பெண்கள் புருஷனைப் பற்றி வாயால் கெட்ட சொல் சொல்லமாட்டார்கள். யோகராணியும் சொல்லவில்லை.

"வெளியில போனவர். வந்திடுவார்."

மொழிபெயர்க்க வந்திருந்த சீமோன் அதை ஓரெழுத்தும் சிந்தாமல் ஆங்கிலத்தில் சொன்னான். அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரண்டு கிழமையில், கணவர் வீட்டில் வசிப்பதால் உதவி நிறுத்தப்படுகிறது என்ற கடிதமும் கூடவே நவரட்ணமும் வந்தார்கள்.

வந்தவருக்குப் பசி இருந்தது. கோப்பையில் போட்ட சோறு குறைந்தது, அவர் உட்காரும் கதிரை அமிழ்ந்தது. அரசாங்கம் ஆளை அனுப்பியதே தவிர அவருக்கு அரிசி அனுப்பவில்லை. "அம்மா, அப்பா வோஷ்றூம்ல கன நேரம் நிக்கிறார், ஐ'ம் லேட்," என்று நிலாணி பள்ளிக்கூட நாட்களில் முறையிட்டாள். அந்தக் குளிர்காலம் அதே கட்டடத்தில் இன்னும் நாலு வீடுகளுக்குக் கணவன்மார் வந்ததாகப் பேச்சு. மூன்றாம் மாடிச் சோமாலியப் பெண்ணுக்கு வந்தவர் உயரமானவராம், வாசலில் தலை இடிக்கிற சத்தம் கேட்குமாம்.

யோகராணி அலுவலகத்துக்குப் போனாள். உதவி திரும்பக் கிடைக்க வழி சுலபம் என்றார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டால் போதும்.

"ஒரு கையெழுத்துத்தானே அக்கா," என்றான் சீமோன். "போட்டியளெண்டா மூண்டு கிழமையில காசு வரும்."

"தம்பி, இவை எழுதினது நடக்குது. வீட்டில இருக்கிறார் எண்டு எழுதிச்சினம், இருக்கிறார். நான் செத்துப்போனார் எண்டு எழுதினா?"

அதைச் சீமோன் மொழிபெயர்க்கவில்லை. அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த மூன்று வருடமும் இரண்டு பஸ் மாறி மார்க்கம் என்ற பக்கத்து நகரத்துக்குப் போய் அலுவலகங்களின் தரை துடைத்தாள். இடுப்பு விட்டுப்போனது. அவளைத் துணிச்சல்காரி என்று யாரும் சொல்லவில்லை, மூளை பிசகின விசரி என்று சொன்னார்கள்.

1997இல் ஏழைகள் வேலை செய்தே உதவி பெறவேண்டும் என்ற திட்டம் வந்தது. உதவி கிடைக்காத நவரட்ணத்துக்கும், கோப்பில் பெயர் இருந்த காரணத்தால், பூங்காவில் இலை கூட்டும்படி கட்டளை வந்தது. அவர் போனார். இலை வாரும் வாரி ஒன்று தானாக நடந்து ஐப்பசி முழுவதும் மேப்பிள் இலைகளைக் குவித்தது. பேச்சில்லை, இடைவேளையில்லை, நோவென்று விடுப்புமில்லை. இப்படி ஓர் ஏழையைத்தான் தாங்கள் இவ்வளவு காலமும் தேடியதாக மேற்பார்வையாளர் அறிக்கை எழுதினார். நவரட்ணத்துக்குச் சட்டமிட்ட நற்சான்றிதழ் வந்தது. திட்டத்தின் வெற்றிக் கணக்கில் அவரும் ஒருவரானார்.

1998இல் கெட்டகாலத்துக்கு நேர்மையான அதிகாரி ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தார். சீமோன் சந்தோஷமாகத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, பிழை எண்டு ஒத்துக்கொண்டிட்டினம். வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு கடிதம் வருது. நிண்டுபோன காசு முழுக்கத் தருவினமாம்."

பணம் தேவையில்லாமல் இல்லை. நிலாணிக்கு இரண்டு பல் சூத்தை, யோகராணிக்கு நிமிரவே கஷ்டம். அவள் கதிரையைப் பார்த்தாள். அது அமிழ்ந்திருந்தது. அந்தக் கடிதம் வந்தால் அது நிமிர்ந்துவிடும் என்று பயந்தாள்.

"மறுத்து எழுத எத்தினை நாள் இருக்கு தம்பி?"

"முப்பது நாள். ஏன் அக்கா?"

தனக்குப் பணம் தரக்கூடாது என்று கேட்டு வந்த முதல் மேன்முறையீட்டை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்தது. யோகராணி நற்சான்றிதழைக் காட்டினாள். தேநீர் கொடுத்தாள். மூவரில் பருத்தவர் களைப்போடு அந்தக் கதிரையில் உட்காரப்போய், "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுச் சட்டென எழும்பி, வேறு கதிரை இழுத்துக்கொண்டார். குளியலறைப் பக்கம் போகாமலே தீர்ப்பு எழுதினார்கள்: நவரட்ணம் வீட்டில் இருக்கிறார். உதவி கிடையாது.

அவள் அன்று வயிறு குலுங்கச் சிரித்தாள், பிறகு அழுதாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போலச் சேட்டைத் தோய்த்தாள். கழுத்துப்பட்டியில் வியர்வை ஊத்தை இருந்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சவர்க்காரம் போடவேண்டியிருந்தது.