செல்லுலாயிட் வாத்து

நாலாயிரத்து முந்நூற்று இருபது. மனைவியின் தம்பிக்கு நான் தரவேண்டிய பாக்கி. வைத்தியத்துக்கு வாங்கியிருந்தால் தலை நிமிர்ந்து சொல்லலாம். பொம்மைக்கு வாங்கினேன். பழைய ஜப்பான் செல்லுலாயிட் பொம்மைகள். கை அடக்கம், முட்டை ஓட்டுக் கனம். பகலெல்லாம் சிமெண்ட் மூட்டை சுமக்கிறவனுக்குக் கனமில்லாத பொருள்மேல் ஆசை வராதா என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன். பொம்மை முதுகிலிருந்த 'மேட் இன் ஜப்பான்' என்ற இங்கிலீஷ் முத்திரையைப் படிக்க முடிந்த பெருமையிலேயே இரண்டு வாங்கியதும் உண்டு.

மச்சான் பாக்கி கேட்டு வந்தான். ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டுகிறவன்.

"பணம் இல்லேன்னா பொம்மையக் குடுங்க அத்தான், வித்துக்கறேன். ஆனா அசலா இருக்கணும். பிளாஸ்டிக்க என் தலையில கட்டிடாதீங்க."

அசல் செல்லுலாயிட் என்றால், விரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசம் வரும். இருந்ததிலேயே ஒசத்தியான, தொப்பி போட்ட வாத்தை எடுத்துத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூட்டை தூக்கிக் காய்த்த விரல் வழுக்கியதே தவிர, சூடு ஏறவே இல்லை. மச்சான் மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வேர்வை வாசம்தான் வருது."

அடுப்படியிலிருந்து மனைவி, "உன் அத்தான் தலையில யாரோ நல்லா மிளகாய் அரைச்சிட்டாங்கடா" என்றாள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சூடுதானே வேண்டும் என்று ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வாத்தின் முதுகில் ஒரு குத்து.

புஸ்ஸென்று ஒரே சுவாலை. அலறி உதறினேன், பாத்திரத் தொட்டியில் விழுந்து கறுப்புச் சுருளாய்க் கிடந்தது. வீடு முழுக்கக் கற்பூர வாசம்.

"அசல்தான் அத்தான்" என்றான் மச்சான், இருமிக்கொண்டே.

பிறகு அலமாரியைத் திறந்து முயல் பொம்மையை எடுத்தான். நான் யாரையும் தொட விடாத அலமாரி. அப்போது தடுக்க எனக்கு ஏது வாய்? மெத்தென்ற கட்டைவிரலால் நாலு தேய்ப்பு. என் மூக்கருகே நீட்டினான். கற்பூரம்!

"இத முதல்லயே செஞ்சிருக்கலாமேடா!"

"நீங்க எங்க தொட விட்டீங்க?"

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தேய்த்து மோந்தான். ஒன்றுகூடப் போலி இல்லை. 'பார்த்தியா?' என்று மனைவியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்திய நேரத்தில் முயல், படகுக்காரன், குத்துச்சண்டைக்காரன் மூன்றும் அவன் பைக்குள் போய்விட்டன.

"மூணா?"

"வாத்து இருந்திருந்தா அது ஒண்ணே போதும்" என்று பையைத் தோளில் மாட்டினான். "கணக்குத் தீர்ந்துச்சு அத்தான்."